முதுகில் இரண்டரைக் கிலோ எஃகு எதற்கு?

போன இதழில் பேக்பிளேட், விங் பற்றி நாலே வரி எழுதியிருந்தேன். கடலே இல்லாத தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்த்து, லீவுக்கு அந்தமான் போய் டைவிங் கற்றுக்கொண்டு வந்த ஒரு கூட்டம் இங்கே இருக்கிறது போல. சந்தோஷம்.

விஷயம் புதிதாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிலிண்டரை முதுகில் தாங்கி, காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைச் சரிசெய்யும் சட்டைக்கு பிசிடி என்று பெயர். வாடகைக்குக் கிடைப்பது எல்லாம் சேர்த்துத் தைத்த ஜாக்கெட் வகை. அதையே மூன்றாகப் பிரித்தால் முதுகுக்கு ஒரு உலோகத் தகடு, அதில் கோத்த ஒரே நீளப் பட்டை, தகட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் ஒரு காற்றுப்பை. தகடுதான் பேக்பிளேட், பட்டை ஹார்னஸ், பை விங்.

கேள்வி: எனக்கு வயது 34, எடை 72 கிலோ. அந்தமானில் ஸ்வராஜ் தீவில் (பழைய ஹேவ்லாக்) ஓப்பன் வாட்டர் என்னும் ஆரம்பப் பயிற்சி முடித்தேன். ஜாக்கெட் பிசிடியும் 3 மில்லிமீட்டர் முழு வெட்சூட்டும் (குளிர் தாங்கும் ரப்பர் உடை) கொடுத்து, இடுப்பில் 6 கிலோ ஈயம் கட்டிவிட்டார்கள். கால் எப்போதும் கீழே தொங்கியது. சொந்தமாக பேக்பிளேட் வாங்கலாம் என்றிருக்கிறேன். எஃகா, அலுமினியமா? விங் எத்தனை பவுண்டு?
— வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: எஃகா அலுமினியமா என்பதை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்த 6 கிலோவைப் பிரித்துப் பாருங்கள், விடை அதற்குள்ளேயே இருக்கிறது.

நம் நாட்டில் டைவ் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது 11 லிட்டர் அலுமினிய சிலிண்டர். நிரம்பியிருக்கும்போது அது கடலில் ஒரு கிலோவுக்கும் குறைவாகத்தான் கீழே இழுக்கும். காற்று தீரத் தீர மிதக்க ஆரம்பித்து, காலியாகும்போது கிட்டத்தட்ட இரண்டு கிலோ மேலே தூக்கும். நடுவில் போன எடை காற்றின் எடை. 200 பார் அழுத்தத்தில் 11 லிட்டர் என்றால் 2,200 லிட்டர் காற்று, லிட்டருக்கு 1.2 கிராம் வைத்தால் 2.6 கிலோ. காற்றுக்கு ஏது எடை என்று கேட்பவர்கள் டைவ் முடியும் நேரத்தில் பாதுகாப்புக்காக நிற்க வேண்டிய 5 மீட்டரில் நிற்க முடியாமல் மேலே போய்க்கொண்டிருப்பார்கள். இதோடு 3 மில்லிமீட்டர் சூட் மேற்பரப்பில் சுமாராக இரண்டு கிலோ தூக்கும். ஜாக்கெட்டில் தைத்திருக்கும் பஞ்சும் மெத்தையும் தன் பங்குக்கு அரையிலிருந்து ஒரு கிலோ. இத்தனையையும் அமுக்கத்தான் ஈயம். கொஞ்சம் கூடவே கட்டியிருப்பார்கள் என்பது என் சந்தேகம். புதியவர் மூச்சை இழுத்துப் பிடிப்பார், மிதந்து படகுக்கு அடியில் போய் முட்டக்கூடாது என்று பயிற்சியாளர் ஒன்றிரண்டு கூடுதலாகச் செருகுவது வழக்கம்.

இப்போது 3 மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுத் தகட்டைப் பாருங்கள். தரையில் இரண்டரைக் கிலோ இருந்தால் கடலுக்குள் 2.2 கிலோ. எஃகு தன் எடையில் எட்டில் ஒரு பங்கைத்தான் தண்ணீருக்கு விட்டுக்கொடுக்கும். பஞ்சு மெத்தையும் போய்விட்டது. ஆக இரண்டும் சேர்த்து ஈயத்தில் ஏறக்குறைய 3 கிலோ கழியும். மிச்சம் 3 கிலோ, அதிலும் நீங்கள் நிதானமாக மூச்சு விடப் பழகினால் ஒன்று குறையலாம்.

உங்கள் கால் தொங்கியதற்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. உடம்பில் அதிகம் மிதப்பது நுரையீரல். ஈயம் முழுவதும் இடுப்பில் இருந்தால் நெஞ்சு மேலே, இடுப்பு கீழே. எஃகுத் தகடு நுரையீரலுக்கு நேர் பின்னால் உட்கார்ந்து, மிதக்கும் இடத்தையே அமுக்குகிறது. உடம்பு கிடைமட்டமாகிவிடும். மீதி ஈயத்தில் ஒன்றிரண்டை சிலிண்டரைக் கட்டும் மேல் கேம் பேண்டில் சின்னப் பை கோத்துப் போடுங்கள். பேக்பிளேட்டை நான் விரும்புவதற்கு இது ஒன்றே போதும், மற்றதெல்லாம் உபரி.

அப்படியானால் எஃகுதானே? உங்களுக்கு ஆமாம், விமானம் குறுக்கே வராதவரை. பெங்களூரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம், அதாவது பழைய போர்ட் பிளேர் போகும் விமானத்தில் செக்-இன் பெரும்பாலும் 15 கிலோ. எஃகுத் தகடு, விங், ரெகுலேட்டர் என்னும் மூச்சுக்கருவி, துடுப்பு எல்லாம் போட்டால் துணிக்கு இடமில்லை. அலுமினியத் தகடு ஒரு கிலோவுக்கும் கீழே, கடலுக்குள் அரைக் கிலோதான் கனக்கும். குறையும் எடையை அங்கே கடையில் ஈயமாக வாங்கிக்கொள்ளலாம், அதற்குத் தனிக்காசு கேட்கமாட்டார்கள். வருடாவருடம் விமானத்தில் போகிறவர் அலுமினியம் வாங்கட்டும். நம் ஊரிலிருந்து திருவண்ணாமலை, திண்டிவனம் வழியாக புதுச்சேரிக்கோ, மேற்கே முருடேஸ்வரத்துக்கோ காரில் போய் டைவ் செய்பவருக்கு எஃகு. டிக்கியை யாரும் எடை போடப்போவதில்லை.

விங்குக்கு வருவோம். அது தூக்கும் எடையைப் பவுண்டில் சொல்வார்கள். கடைக்காரர் 40 பவுண்டு, 50 பவுண்டு என்று பெரிதாகக் காட்டுவார். தேவை எவ்வளவு என்று பார்த்தால் சிரிப்பு வரும். விங் ஈடுகட்ட வேண்டியது இரண்டே விஷயம். ஒன்று, டைவ் ஆரம்பத்தில் சுமக்கும் அந்த 2.6 கிலோ காற்று. இன்னொன்று, ஆழத்தில் சூட் சப்பிப்போவதால் இழக்கும் மிதப்பு. 20 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப் போல மூன்று மடங்கு, சூட்டுக்குள் இருக்கும் குமிழிகள் மூன்றில் ஒன்றாகச் சுருங்கும், அதில் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் போகும். மொத்தம் 4 கிலோ. படகில் ஏறும்போது எல்லாவற்றையும் கழற்றித் தண்ணீரில் விட்டால் அது தானாக மிதக்க வேண்டும், அதற்கு 5, 6 கிலோ. 25 பவுண்டு விங் என்பதே 11 கிலோ தூக்கும். 30 பவுண்டு 13.6 கிலோ. இதற்கு மேல் உங்களுக்கு எதற்கு? பெரிய விங் இரட்டை சிலிண்டருக்காக அகலமாக வெட்டியது. ஒற்றை சிலிண்டரில் மாட்டினால் இரண்டு பக்கமும் தோசை மாதிரி மடிந்து சிலிண்டரைச் சுற்றிக்கொள்ளும். மடிப்பில் மாட்டிய காற்று நீங்கள் விடச் சொல்லும்போது வெளியே வராது.

வாங்கியபிறகு செய்ய வேண்டிய சோதனை ஒன்று. டைவ் முடிவில் 50 பார் மிச்சம் இருக்கும்போது 5 மீட்டரில் விங்கைக் காலி செய்துவிட்டு, சாதாரணமாக மூச்சு விட்டபடி நில்லுங்கள். நின்றால் எடை சரி. மூழ்கினால் ஒரு ஈயக் கட்டியைக் கழற்றுங்கள். நான் மேலே போட்ட கணக்கெல்லாம் இந்தச் சோதனைக்கு நீங்கள் எத்தனை கட்டியோடு போகலாம் என்று சொல்வதற்குத்தான்.

கேள்வி: சார், நான் ஓசூர் சிப்காட்டில் லேசர் கட்டிங் பிரிவில் இருக்கிறேன். பேக்பிளேட் என்பது வளைத்த ஒரு தகடுதானே? எங்கள் கம்பெனியில் 304 ஸ்டெயின்லெஸ் ஷீட் கிடக்கிறது. நானே வெட்டிக்கொண்டால் என்ன?
— வாசகர், ஓசூர்

பதில்: ஓசூரிலிருந்து இந்தக் கேள்வி வரவில்லை என்றால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்! வெட்டலாம். உலகம் முழுக்கப் பலர் வெட்டியிருக்கிறார்கள்.

முடிந்தால் 316 ஷீட் கேட்டு வாங்குங்கள். அதில் மாலிப்டினம் இரண்டு மூன்று சதவீதம் இருப்பதால் உப்புத்தண்ணீர் குழி பறிப்பது குறையும். 304 என்றால் உடனே ஓட்டை விழாது, டீக்கறை நிறத்தில் துரு படியும், ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசினால் பல வருடம் வரும். கனம் 3 மில்லிமீட்டர். "கெட்டியாக இருக்கட்டும்" என்று 6 மில்லிமீட்டருக்குப் போகாதீர்கள், தகடு ஐந்து கிலோவாகிவிடும். அது குளிர் நாட்டில் தடித்த சூட் போடுபவருக்கு. இங்கே ரேஷ் கார்டு என்னும் மெல்லிய நீச்சல் சட்டை மட்டும் போட்டு அதை மாட்டினால் கல்லைக் கட்டி இறங்குவதாகத்தான் அர்த்தம், ஆபத்தில் கழற்றிப்போடவும் முடியாது.

நடுவில் மேலும் கீழுமாக இருக்கும் இரண்டு போல்ட் துளைகளின் மையத்துக்கு மையம் 11 அங்குலம், 279 மில்லிமீட்டர். இந்த அளவில் கைவைக்காதீர்கள். இந்த அமைப்பை வளர்த்தெடுத்தவர்கள் ஃபுளோரிடாவில் நீரடிக் குகைகளுக்குள் இரட்டை சிலிண்டரோடு போனவர்கள். அந்த இரட்டை சிலிண்டரின் பட்டைகளை இறுக்கும் போல்ட்டுகளுக்காக வந்த இடைவெளி இது. எந்தக் கம்பெனி விங் வாங்கினாலும் இந்த இடைவெளிக்குத்தான் துளை இருக்கும்.

பட்டை 50 மில்லிமீட்டர் அகலம், அது நுழையும் ஸ்லாட்டை அதைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் தாராளமாக வெட்டுங்கள். நடுவில் மேலிருந்து கீழ்வரை வாய்க்கால் வரும்படி பிரஸ் பிரேக்கில் வளைக்க வேண்டும். பள்ளம் உங்கள் முதுகுப் பக்கம், புடைப்பு சிலிண்டர் பக்கம். முதுகெலும்புக்கும் போல்ட் தலைகளுக்கும் அங்கேதான் இடம்.

உங்களிடம் நான் வற்புறுத்திச் சொல்வது விளிம்பு வேலை. லேசர் வெட்டிய ஸ்லாட் கையை அறுக்காமல் இருக்கலாம், பட்டையை அறுத்துவிடும். ஒவ்வொரு டைவிலும் அதே இடத்தில் உரசும். உள்விளிம்பு முழுவதையும் உருட்டி எடுங்கள். அதற்கு மைல்டு ஸ்டீல் தேய்த்த கிரைண்டர் வீலைத் தொடவே தொடாதீர்கள். அதிலிருந்து ஒட்டும் இரும்புத்தூள் ஸ்டெயின்லெஸ்ஸில் பதிந்து, முதல் டைவிலேயே துருப்பிடித்து, "ஸ்டெயின்லெஸ் என்றார்களே" என்று உங்களையே கேட்க வைக்கும். பிக்ளிங், அதாவது அமிலத்தில் கழுவி எடுக்கும் வேலை செய்யும் இடம் ஓசூரில் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது, கடைசியில் அங்கே ஒருமுறை கொடுத்து எடுங்கள்.

தகட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விங், அதில் காற்று ஏற்றும் இன்ஃப்ளேட்டர், காற்றை வெளியேற்றும் டம்ப் வால்வு எல்லாம் கடையில் வாங்குவது. அப்புறம் முதலாளியிடம் கேட்டுவிட்டு ஷீட்டை எடுங்கள், தம்பி.

கேள்வி: நான் 48 கிலோ, உயரம் ஐந்தடி. வாடகை ஜாக்கெட் எல்லாமே பெரிதாக இருந்து, தண்ணீருக்குள் காதுவரை ஏறிவிடுகிறது. பேக்பிளேட் பெண்களுக்குச் சரிவருமா? தகடு முதுகில் குத்தாதா?
— வாசகி, பாலக்கோடு

பதில்: சரிவரும், ஜாக்கெட்டைவிட நன்றாகவே. ஜாக்கெட்டில் எஸ், எம், எல் என்று மூன்று அளவுக்குள் நீங்கள் அடங்க வேண்டும். பேக்பிளேட்டில் பட்டையை உங்கள் தோளுக்கு ஏற்ப நீங்களே இழுத்து நிறுத்துகிறீர்கள். நெஞ்சுக்குக் குறுக்கே பட்டை கிடையாது, தோளிலிருந்து அக்குள் வழியாக இடுப்புக்குப் போய்விடும். காதுவரை ஏறாமல் பிடிப்பது கால்களுக்கு நடுவில் வரும் க்ராட்ச் ஸ்ட்ராப். அது அசௌகரியமாக இருக்குமோ என்று பலர் முதலிலேயே கழற்றிப்போடுகிறார்கள். செய்யாதீர்கள்.

உங்கள் உயரத்துக்கு ஒரு விஷயம் பார்க்க வேண்டும். வழக்கமான தகடு நீளமாக இருந்து கீழ்விளிம்பு இடுப்பெலும்பில் இடிக்கலாம். குட்டை அளவில் தகடு கிடைக்கிறது, அதைக் கேளுங்கள். போட்டுப் பார்க்கும்போது கையைத் தோளுக்கு மேல் பின்னால் விட்டால் தகட்டின் மேல்விளிம்பு விரல் நுனியில் பட வேண்டும். தோள் பட்டைக்கு அடியில் மூன்று விரல் தாராளமாக நுழைய வேண்டும். ஆண்கள் பலர் இதை முதுகுப்பை என்று நினைத்து இறுக்கி வைத்துக்கொண்டு, கழற்றும்போது கை வெளியே வராமல் படகில் நடனமாடுவார்கள்.

குத்துமா என்றால், தண்ணீருக்குள் குத்தாது. எடை முதுகில் உட்காராமல் தண்ணீர் தாங்குகிறது. படகில் உட்கார்ந்திருக்கும் பத்து நிமிடம் ரேஷ் கார்டு மட்டும் போட்டிருந்தால் தெரியும். மெத்தை வாங்கி மாட்டாதீர்கள், அது மிதக்கும், அதற்கு மறுபடி ஈயம்.

உங்கள் எடைக்கு அலுமினியத் தகடும் 20 பவுண்டுக்குச் சற்றுக் கூடுதலான விங்கும் போதும். ரேஷ் கார்டோடு டைவ் செய்பவராக இருந்தால் எஃகுத் தகடு மட்டுமே அதிகமாகப் போகலாம். எங்காவது எஃகு சிலிண்டர் கொடுத்தால் இரட்டிப்புக் கவனம். அது காலியானாலும் பெரும்பாலும் மிதக்காது.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். பேரன் டைவிங் பழகுகிறான். ஒகேனக்கல் பரிசலில் எங்களுக்கு மாட்டிவிடும் லைஃப் ஜாக்கெட்டும் நீங்கள் சொல்லும் விங்கும் ஒரே வேலையைத்தானே செய்கின்றன?
— வாசகர், பென்னாகரம்

பதில்: இல்லை ஐயா. லைஃப் ஜாக்கெட்டில் மிதப்பு நெஞ்சுப் பக்கம் இருக்கும். விழுந்தவர் மயங்கினாலும் முகம் மேலே இருக்கட்டும் என்பதற்காக அப்படி. விங்கில் மிதப்பு முழுவதும் முதுகில். மேற்பரப்பில் அதை நிறைய ஊதினால் ஆளை முன்னால் தள்ளும், மயங்கியவரின் முகத்தைத் தண்ணீரிலேயே விட்டுவிடும். டைவிங்கில் தனியாகப் போகாமல் ஜோடியாகப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். பேரனிடம் சொல்லுங்கள், மேலே வந்ததும் தலை வெளியே இருக்கும் அளவுக்கு மட்டும் காற்று விட்டு, நாற்காலியில் சாய்வதுபோல் பின்னால் சாயச் சொல்லுங்கள். நிமிர்ந்து நிற்க முயன்றால்தான் தொல்லை.

கேள்வி: அண்ணா, புது விங்கைக் கடலுக்குக் கொண்டுபோகும் முன் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் இறங்கி எடை பார்த்துக்கொள்ளலாமா? அறுபது அடி, தண்ணீர் நிறைய இருக்கிறது.
— கல்லூரி மாணவர், காரிமங்கலம்

பதில்: கூடாது, தம்பி. மோட்டார் வயர், கயிறு, உடைந்த பைப், கலங்கினால் கை தெரியாத தண்ணீர், மேலே ஏற ஒரே ஒரு படிக்கட்டு. நீச்சல் பழகிய கிணறாக இருக்கலாம், சிலிண்டரோடு இறங்கும் இடம் அது இல்லை.

பார்த்தாலும் பயனில்லை. கடல்நீர் நல்ல தண்ணீரைவிட இரண்டரை சதவீதம் கனம். ஆளும் சாமானும் சேர்த்து 95 கிலோ என்றால் கடலில் ஏறக்குறைய 2.4 கிலோ கூடுதலாகத் தேவைப்படும். கிணற்றில் கச்சிதமாக நின்றவர் கடலில் தக்கையாக மிதப்பார். பட்டை நீளம், டி-ரிங் இடம், பக்கிளை வலது கையால் ஒரே இழுப்பில் கழற்ற வருகிறதா என்பதெல்லாம் வீட்டு வராந்தாவிலேயே பார்க்கலாம்.

கேள்வி: டோனட் விங் நல்லதா, குதிரைலாட வடிவமா? கழுவிக் காயவைப்பது எப்படி? எங்கள் போர் தண்ணீர் உப்பு.
— வாசகர், காவேரிப்பட்டினம்

பதில்: ஒற்றை சிலிண்டருக்கு டோனட், அதாவது முழு வளையமாக இருக்கும் பை. அடியிலும் வழி இருப்பதால் காற்று இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் சுலபமாகப் போகும், இடது கீழ் வால்வில் முழுக்க வெளியேறும். குதிரைலாடம் இருந்தால் தூக்கிப்போட வேண்டாம், உடம்பைக் கொஞ்சம் சாய்த்து விட்டால் அதுவும் காலியாகும்.

கழுவும் விஷயத்தில் நம் மாவட்டங்களுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. கடின நீர் இன்ஃப்ளேட்டர் பொத்தானைச் சுற்றி வெள்ளையாகப் படிந்து, நாளடைவில் பொத்தான் அமுங்கினால் திரும்பி வராது. அது திரும்பாவிட்டால் விங் தானாக ஊதிக்கொண்டே போய் உங்களை மேலே கொண்டுபோய்விடும், விளையாட்டு இல்லை. முதல் இரண்டு அலசலுக்கு போர் தண்ணீர் பரவாயில்லை. கடைசி அலசல் ஒகேனக்கல் குடிநீரிலோ கேன் தண்ணீரிலோ இருக்கட்டும். வாய் வைத்து ஊதும் குழாய் வழியாக உள்ளேயும் ஒரு செம்பு ஊற்றி, குலுக்கி, கீழ் வால்வைத் திறந்து வடியுங்கள். உள்ளே காயும் உப்பு பையை உள்ளிருந்தே அறுக்கும். அரைவாசி ஊதி நிழலில் தொங்கவிடுங்கள். மாடிச் சுவரில் சித்திரை வெயிலில் போட்டால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. என் வீட்டில் குளியலறைக் கொக்கியில் தொங்குகிறது, அதற்கான பேச்சையும் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: வருடத்துக்கு ஒரு தடவை நாலு டைவ் போகிறேன். இதெல்லாம் வாங்கத்தான் வேண்டுமா?
— வாசகர், தருமபுரி

பதில்: வேண்டாம். அந்தப் பணத்தில் முகத்துக்குச் சரியாகப் பொருந்தும் மாஸ்க், அப்புறம் ஒரு டைவ் கம்ப்யூட்டர் வாங்குங்கள். பேக்பிளேட் காத்திருக்கும், அதற்குக் காலாவதி தேதி கிடையாது.

கேள்வி: புதுச்சேரியில் ஞாயிறு காலை இரண்டு டைவ் முடித்து மதியமே கிளம்பி இரவுக்குள் ஓசூர் வந்துவிடுகிறோம். விமானம் ஏறத்தான் காத்திருக்க வேண்டும், காருக்கு ஒன்றும் இல்லை என்கிறார் நண்பர். சரியா?
— வாசகி, ஓசூர்

பதில்: விமானமா காரா என்று உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜனுக்குத் தெரியாது, அது உயரத்தை மட்டும் பார்க்கும்; மேலே காற்றழுத்தம் குறைந்தால் உடம்புக்குள் குமிழியாகலாம். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்னும் டைவிங் பாதுகாப்பு அமைப்பு சொல்லும் காத்திருப்பு நேரம் சுமார் 600 மீட்டருக்கு மேலே போகிறவர்களுக்கு: ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் என்றால் 18. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அந்த உயரத்துக்குக் கீழே. ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர். சூளகிரிப் பக்கம் ஏறும்போதே நீங்கள் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறீர்கள்.

டைவ்களை சனிக்கிழமை காலைக்கு மாற்றிக்கொண்டு ஞாயிறு கிளம்புங்கள். இல்லை, ஞாயிறுதான் வசதி என்றால் இரவு கிருஷ்ணகிரியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டு, திங்கள் காலை மணியைப் பார்த்து மலை ஏறுங்கள். காலை 11 மணிக்கு இரண்டாவது டைவ் முடிந்திருந்தால் மறுநாள் காலை 5 மணிக்கு 18 மணி நேரம் ஆகிவிடும், ஆபீசுக்கும் நேரத்துக்குப் போய்ச் சேரலாம்.